விதியும் சாலையும்

நுழையும்முன்

தமிழில் ‘விதி’ என்னும் சொல் இருபொருள் தருவது. மனிதர் கூடி வகுத்துக்கொண்ட ஒழுங்கும் விதி. மனிதரால் மாற்ற இயலாதது என்று நம்பப்படும் ஊழும் விதி. சாலையில் ஓர் உயிர் பிரியும்போது முதற்பொருளை மறந்து இரண்டாம் பொருளையே பேசிப் பழகிவிட்டோம். விபத்துகள் எவ்விடத்தில், எந்நேரத்தில், யாருக்கு, எதனால் நேர்கின்றன என்பதை, சேலத்திலிருந்து உளுந்தூர்ப்பேட்டை செல்லும் சாலையையும் அதன் ஓரத்துச் சிறுநகரங்களையும் சான்றாகக் கொண்டு ஆராய்கிறது இவ்வுரைநடை.

முதல் பலி

1869ஆம் ஆண்டு ஆகஸ்டு 31. அயர்லாந்து நாட்டின் நடுப்பகுதியில் பார்சன்ஸ்டவுன் என்றொரு சிறுநகரம். இன்று அதன் பெயர் பிர். அவ்வூரில் நீராவியால் இயங்கும் வண்டியொன்று சென்றுகொண்டிருந்தது. அதில் அமர்ந்திருந்தவர்களுள் ஒருவர் மேரி வார்டு. நுண்ணோக்கியின் வழியே கண்ட உலகை எளிய மக்களுக்குப் புரியும்படி நூலாக எழுதிய அறிவியலாளர், வயது 42. தெருவின் வளைவொன்றில் வண்டி திரும்பியபோது அவர் நிலைதடுமாறிக் கீழே விழுந்தார். வண்டியின் கனத்த சக்கரம் அவர்மீது ஏறியது. சில நொடிகளில் உயிர் பிரிந்தது. தானியங்கி வண்டியால் நேர்ந்த முதல் உயிரிழப்பாக இதனையே வரலாற்றாசிரியர் பலர் குறிப்பர்.

அந்த முதல் விபத்து பெருநகரத்தில் நிகழவில்லை. ஒரு சிறுநகரத் தெருவின் வளைவில் நிகழ்ந்தது. வண்டியைச் செய்தவர்கள் இறந்தவரின் உறவினர்களே. அவர்கள் கெட்ட எண்ணம் கொண்டவர்களும் அல்லர். ஆராய்ச்சியில் ஆர்வம் மிக்க குடும்பத்தினர். விசாரணை நடத்தியவர்கள் ‘தற்செயலான மரணம்’ என்று எழுதி முடித்துக்கொண்டனர். வளைவு அப்படியே இருந்தது. வண்டியில் அமர்ந்தவர் பிடித்துக்கொள்ள ஏதேனும் இருந்ததா என்று எவரும் கேட்டதாகத் தெரியவில்லை.

27 ஆண்டுகள் கழித்து, 1896 ஆகஸ்டு 17 அன்று, இலண்டனின் கிரிஸ்டல் பேலஸ் பகுதியில் பிரிட்ஜெட் டிரிஸ்கால் என்னும் பெண்மணி மோட்டார் வண்டி மோதி இறந்தார். பிரிட்டனில் மோட்டார் வண்டியால் உயிரிழந்த முதல் பாதசாரி அவர். இத்தகைய நிகழ்வு மீண்டும் ஒருபோதும் நேராது என்று தாம் நம்புவதாக விசாரணை அலுவலர் கூறினார். உலக நலவாழ்வு நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2021ஆம் ஆண்டில் மட்டும் சாலைகளில் இறந்தோர் ஏறத்தாழ 11 இலட்சத்து 90 ஆயிரம் பேர். ஐந்து வயது முதல் 29 வயது வரையுள்ளோரின் இறப்புக்கு உலகெங்கும் முதன்மைக் காரணம் நோயன்று, சாலையே. இப்பாடத்தைப் படிக்கும் மாணவர் அனைவரும் அந்த வயதெல்லைக்குள் இருப்பவர்கள்.

சொல்லில் மறையும் காரணம்

‘விபத்து’ என்னும் சொல் எதிர்பாராமல் வந்த கேடு என்னும் பொருளைத் தன்னுள் கொண்டது. எதிர்பாராதது எனில் தடுக்கவும் இயலாதது என்று மனம் தானாகவே முடிவுகட்டிவிடுகிறது. பிரிட்டனின் புகழ்பெற்ற மருத்துவ இதழான பி.எம்.ஜே., 2001ஆம் ஆண்டில் ‘ஆக்சிடென்ட்’ என்னும் சொல்லைத் தன் பக்கங்களில் இனிப் பயன்படுத்துவதில்லை என அறிவித்தது. பெரும்பாலான காயங்களும் அவற்றை உண்டாக்கும் நிகழ்வுகளும் முன்னறியத் தக்கவை, தடுக்கத் தக்கவை என்பதே அதற்கு அவ்விதழ் சொன்ன காரணம். தமிழில் ‘விபத்து’ நன்கு வேரூன்றிய சொல். அதை விலக்குவது எளிதன்று. இக்கட்டுரையும் அதனையே ஆள்கிறது. ஆயினும் அச்சொல்லை எழுதும்போதெல்லாம், அது எதை மறைக்கிறது என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும்.

நம் நாட்டில் காவல் நிலைய முதல் தகவல் அறிக்கைகளில் நெடுங்காலமாக வழங்கிவரும் ஒரு தொடர் உண்டு: ‘அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டிவந்து’. இத்தொடர் சட்டத்திற்குத் தேவையானது. குற்றம் இழைத்தவரைச் சுட்டுவதற்கு உதவுவது. ஆனால் அது ஒரே ஒரு கேள்விக்குத்தான் விடை தருகிறது: தவறு யாருடையது? அவ்விடத்தில் விளக்கு எரிந்ததா, வளைவில் மரக்கிளை பார்வையை மறைத்ததா, சாலையின் அகலம் திடீரெனக் குறைந்ததா, சென்ற ஆண்டும் அதே இடத்தில் ஒருவர் இறந்தாரா என்பனவற்றுக்கு அத்தொடரில் இடமில்லை. ஒரே இடத்தில் பத்து ஓட்டுநர்கள் அடுத்தடுத்து ‘அஜாக்கிரதை’யாக இருந்திருப்பின், பத்துப் பேரையும் குறை சொல்வதோடு நில்லாமல் அந்த இடத்தையும் ஒருமுறை சென்று பார்ப்பதே அறிவுடைமை.

வில்லியம் ஹேடன் என்னும் அமெரிக்க மருத்துவர் இவ்வழியில்தான் சிந்தித்தார். தொற்றுநோயை ஆராயும் முறையிலேயே சாலை விபத்தையும் ஆராயலாம் என்பது அவர் கருத்து. விபத்துக்கு முன், விபத்தின்போது, விபத்துக்குப் பின் என மூன்று கட்டங்கள். மனிதர், வாகனம், சூழல் எனக் காரணங்கள். இவற்றைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டம் போட்டு நிரப்பினால், காவல் நிலைய அறிக்கையின் ஒற்றை வரி பல கேள்விகளாக விரியும்.

பெருவழியும் புறவழியும்

சேலம் மாவட்டத்தில் தலைவாசலுக்கு அருகே ஆறகழூர் என்றோர் ஊர் உள்ளது. இடைக்காலத்தில் மகதை மண்டலத்தை ஆண்ட வாணகோவரையர்களின் தலைநகர் அது. அவ்வூரில் கிடைத்த மைல்கல் ஒன்று, ‘மகதேசன் பெருவழி’ என்னும் சாலையில் காஞ்சிபுரம் 16 காதத் தொலைவில் உள்ளது எனத் தெரிவிக்கிறது. எழுத்துகளோடு 16 குழிகளும் அக்கல்லில் பொறிக்கப்பட்டுள்ளன. எழுத்தறியாத வழிப்போக்கரும் வண்டியோட்டியும் குழிகளை எண்ணித் தொலைவை அறிந்துகொள்ளலாம். சாலையைப் பயன்படுத்துவோர் அனைவரும் கற்றவர்களாகவோ முழுக்கவனம் உடையவர்களாகவோ இருக்கமாட்டார்கள் என்பதை உணர்ந்து, அவர்களுக்கு ஏற்பச் சாலையை அமைத்திருக்கிறார்கள். இன்றைய சாலைப் பொறியியல் பல நூல்களில் விளக்கும் கொள்கையின் சாரம் அந்தக் குழிகளில் இருக்கிறது.

அதே நிலப்பகுதியின் வழியாகத்தான் இன்றைய சேலம் – உளுந்தூர்ப்பேட்டை தேசிய நெடுஞ்சாலையும் செல்கிறது. சற்றொப்ப 136 கிலோமீட்டர் நீளமுள்ள இச்சாலை, மேற்கு மாவட்டங்களைச் சென்னை – திருச்சி நெடுஞ்சாலையோடு இணைக்கிறது. கோவையிலிருந்தும் கேரளத்திலிருந்தும் சென்னைக்கும் புதுச்சேரிக்கும் செல்லும் சரக்குந்துகளும் பேருந்துகளும் இரவெல்லாம் இதில் ஓடுகின்றன. வாழப்பாடி, ஆத்தூர், தலைவாசல், சின்னசேலம், கள்ளக்குறிச்சி, தியாகதுருகம் என்று வழிநெடுகச் சிறுநகரங்கள். ஆத்தூர்ப் பகுதியில் மரவள்ளிக்கிழங்கும் அதிலிருந்து சவ்வரிசி செய்யும் ஆலைகளும் மிகுதி. கள்ளக்குறிச்சிப் பகுதியில் கரும்பும் சர்க்கரை ஆலைகளும். எனவே, தொலைதூரம் செல்லும் விரைவு ஊர்திகளும் வயலிலிருந்து ஆலைக்குச் செல்லும் டிராக்டர்களும் ஒரே சாலையைப் பங்கிட்டுக்கொள்கின்றன.

இச்சாலை நான்குவழிச்சாலையாக அகலப்படுத்தப்பட்டபோது, ஊர்களுக்குள் போக்குவரத்து நெரிசலைத் தவிர்க்கப் புறவழிச்சாலைகள் அமைக்கப்பட்டன. நல்ல ஏற்பாடுதான். பள்ளி விடும் நேரத்தில் ஊரின் கடைத்தெரு வழியே கனரக வாகனங்கள் ஊர்ந்து செல்லும் நிலை நீங்கியது. ஆனால் சாலையின் மற்றப் பகுதிகள் நடுத்திட்டுடன் நான்குவழியாக இருக்க, சிறுநகரங்களைச் சுற்றிச் செல்லும் புறவழிச்சாலைகள் இருவழியாகவே கட்டப்பட்டன. ஊரைக் காக்க வந்த புறவழி, ஊரின் விளிம்பில் புதியதோர் இடரை உண்டாக்கிற்று.

நான்கு இரண்டாகும் இடம்

நடுத்திட்டுள்ள நான்குவழிச்சாலையில் எதிரே வரும் வாகனத்தைப் பற்றி ஓட்டுநர் கவலைகொள்ள வேண்டியதில்லை. அரைமணி நேரம் அவ்வாறு விரைந்து ஓட்டியவரின் கண்ணும் மனமும் அந்த வேகத்திற்குப் பழகிவிடுகின்றன. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 70க்குக் குறைத்தால் வண்டி நகரவே இல்லை என்பதுபோல் தோன்றும். இம்மயக்கம் எல்லா மனிதருக்கும் பொதுவானது. நல்ல ஓட்டுநரும் இதற்கு விலக்கல்லர். இந்த மனநிலையோடு அவர் இருவழிப் புறவழிச்சாலைக்குள் நுழைகிறார். இப்போது எதிரே வருபவருக்கும் அவருக்கும் இடையில் இருப்பது ஒரு வெள்ளைக்கோடு மட்டுமே.

முன்னால் ஒரு பேருந்து மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது. பின்னால் 80இல் வரும் மகிழுந்து அதை முந்த நினைக்கிறது. இரண்டின் வேக வேறுபாடு மணிக்கு 20 கிலோமீட்டர். அதாவது நொடிக்கு ஐந்தரை மீட்டர். பேருந்தின் பின்னிருந்து விலகி, அதன் நீளத்தைக் கடந்து, முன்னால் பாதுகாப்பாகச் சேர, சற்றேறக்குறைய 50 மீட்டர் கூடுதலாக முன்னேற வேண்டும். அதற்கு ஒன்பது நொடிகள் ஆகும். அந்த ஒன்பது நொடிகளில் மகிழுந்து கடக்கும் தொலைவு 200 மீட்டர். எதிரே அதே வேகத்தில் ஒரு வண்டி வருமானால் அதுவும் 200 மீட்டர் வந்துவிடும். ஆக, முந்தத் தொடங்கும் அந்நொடியில் 400 மீட்டருக்கும் அப்பால் வரை சாலை வெறுமையாக இருந்தாக வேண்டும். இரவில், எதிர்வரும் முகப்பு விளக்கைப் பார்த்து 400 மீட்டரா 250 மீட்டரா என்று மனிதக் கண்ணால் பிரித்தறிய இயலுமா? இயலாது என்பதை அப்புறவழிச்சாலைகளில் நேர்ந்த நேருக்குநேர் மோதல்கள் காட்டின. அவற்றை அகலப்படுத்த வேண்டும் என்று அப்பகுதி மக்கள் ஆண்டுக்கணக்கில் வலியுறுத்தினர். அதன்பின் அகலப்படுத்தும் பணிகள் தொடங்கப்பட்டன.

சுவீடன் நாடும் இதே இக்கட்டை எதிர்கொண்டது. எல்லாச் சாலைகளையும் நான்குவழியாக்க அந்நாட்டிடமும் பணமில்லை. அகலமான இருவழிச்சாலைகளை எடுத்து, மூன்று வழிகளாகப் பிரித்து, நடுவே எஃகு வடத்தாலான தடுப்பை அமைத்தனர். சில கிலோமீட்டர் தொலைவுக்கு ஒரு திசையினருக்கு இரு வழிகள். அடுத்த சில கிலோமீட்டருக்கு எதிர்த்திசையினருக்கு இரு வழிகள். முந்த விரும்புவோர் தம் முறை வரும்வரை காத்திருப்பர். நேருக்குநேர் மோதிய இறப்புகள் பெருமளவு குறைந்தன. 1997ஆம் ஆண்டில் அந்நாட்டு நாடாளுமன்றம் ஏற்றுக்கொண்ட கொள்கையொன்றின் தொடர்ச்சி இது. மனிதர் தவறு செய்வர். அத்தவற்றுக்கு உயிர் விலையாகாதபடி சாலையை அமைப்பது அரசின் கடமை என்பதே அக்கொள்கை.

ஊர் வாயிலில்

புறவழிச்சாலை ஊரைவிட்டு விலகிச் செல்லும் இடத்திலும் மீண்டும் வந்து சேரும் இடத்திலும் இரு சந்திப்புகள் உண்டாகின்றன. நம் சிறுநகரங்களைக் கூர்ந்து நோக்கினால், தேநீர்க்கடையும் பழக்கடையும் பேருந்து நிறுத்தமும் ஆட்டோ நிறுத்தமும் அச்சந்திப்பிலேயே முளைப்பதைக் காணலாம். ஊருக்குள் வராத பேருந்துகள் அங்கேதான் பயணிகளை இறக்கிவிடுகின்றன. நள்ளிரவில் இறங்கும் பயணி, எதிர்ப்பக்கம் செல்ல நெடுஞ்சாலையைக் குறுக்கே கடக்கிறார். அவரை ஏற்றிச் செல்ல வந்த மகன் இருசக்கர வாகனத்தில் விளக்கணைத்துக் காத்திருக்கிறான்.

சாலைப் பொறியாளர்கள் சந்திப்புகளை ‘மோதற்புள்ளி’களால் அளவிடுவர். இரு வாகனங்களின் பாதைகள் ஒன்றையொன்று வெட்டவோ சேரவோ பிரியவோ கூடிய இடம் மோதற்புள்ளி. சாதாரண நாற்சந்தியொன்றில் அத்தகைய புள்ளிகள் 32. அதே இடத்தில் ஒருவழி ரவுண்டானா அமைத்தால் அவை எட்டாகச் சுருங்கும். வாகனங்களும் தாமாகவே வேகம் குறைக்கும். ஓட்டுநரிடம் பேசாமலேயே ஓட்டுநரைத் திருத்தும் வழி இது.

எதிர்த்திசையில் வரும் இருசக்கர வாகனத்தை இவ்விடங்களில் நாள்தோறும் காணலாம். நம் வயல் சாலையின் அப்பக்கம், வீடு இப்பக்கம். முறைப்படி திரும்ப வேண்டுமானால் இரண்டு கிலோமீட்டர் சென்று, நடுத்திட்டின் இடைவெளியில் வளைந்து, மீண்டும் இரண்டு கிலோமீட்டர் வர வேண்டும். பால்கேனைப் பின்னால் கட்டிக்கொண்டு அவசரத்தில் செல்பவர் அந்த நான்கு கிலோமீட்டரைச் செலவிட விரும்புவதில்லை. அவர் செய்வது சட்டப்படி குற்றம், இடர் மிக்கதும்கூட. ஐயமில்லை. எனினும் அணுகுசாலையோ சுரங்கப்பாதையோ அமைக்காமல் ஊரை இரண்டாகப் பிளந்த வடிவமைப்பும் அக்குற்றத்தில் பங்காளியே. சில ஊர்களில் மக்கள் நடுத்திட்டை உடைத்துத் தாங்களே வழியமைத்துக்கொள்வதையும் இவ்வாறே புரிந்துகொள்ள வேண்டும்.

நேரத்திலும் ஓர் ஒழுங்கு புலப்படுகிறது. இந்தியாவில் விபத்துகள் மிகுதியாக நேரும் நேரம் மாலை ஆறு மணிக்கும் இரவு ஒன்பது மணிக்கும் இடைப்பட்டது. வேலை முடிந்து களைப்போடு திரும்புவோர், சந்தைக்குச் செல்வோர், தனிப்பயிற்சி முடித்து வரும் மாணவர் என அனைவரும் சாலையில் இருக்கும் நேரம் அது. முழு ஒளியும் இல்லை, முழு இருளும் இல்லை. எனவே பலர் முகப்பு விளக்கை ஏற்றுவதில்லை. கரும்பு வெட்டும் பருவத்தில், இருபுறமும் பிதுங்கி நிற்கும் கரும்புக்கட்டுகளோடு, பின்விளக்கு இல்லாத டிராக்டர் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்து செல்கிறது. கரும்புத்தோகை பின்விளக்கை மறைத்துவிடுவதும் உண்டு. எண்பதில் வருபவருக்கு அது டிராக்டர் என்று விளங்கும்போது காலம் கடந்திருக்கும். சில நூறு உரூபாய் மதிப்புள்ள சிவப்பு ஒளிர்பட்டை, வாகனத்தில் அன்றிச் சுமையின் பின்புறத்திலேயே தொங்கவிடப்பட்டால், வெகுதொலைவிலிருந்தே கண்ணில் படும். விலையுயர்ந்த தீர்வுகளைப் பற்றியே பேசிக்கொண்டு இத்தகையவற்றை மறந்துவிடுகிறோம்.

ஊருக்குள் நுழையும் தெருக்களில் மக்களே கேட்டுப் பெற்ற வேகத்தடைகள் பல உள்ளன. நெறிப்படி அமைக்கப்படும் வேகத்தடை 3.7 மீட்டர் நீளமும் 10 சென்டிமீட்டர் உயரமும் கொண்ட மெல்லிய முதுகு. அதன்மீது மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி குலுங்காமல் ஏறி இறங்கும். நம் தெருக்களில் காண்பதோ பெரும்பாலும் ஓரடி அகலத்தில் செங்குத்தாக எழும் கட்டி. அதன்மேல் வெள்ளை வண்ணமும் இல்லை, முன்னறிவிப்புப் பலகையும் இல்லை. பின்னிருக்கையில் ஒருபக்கமாக அமர்ந்து வரும் தாயும் மடியிலுள்ள குழந்தையும் தூக்கியெறியப்படுவது இவற்றால்தான். பாதுகாப்புக்காகக் கட்டியதே இடராவதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

வேகத்தின் கணக்கு

இயற்பியல் பாடத்தில் படித்த இயக்கச் சமன்பாடுகளை இங்கே எடுத்தாள்வோம். மணிக்கு 36 கிலோமீட்டர் என்பது நொடிக்கு 10 மீட்டர். ஆபத்தைக் கண்ணால் கண்டு, கால் தடையை மிதிக்க ஒரு நொடி ஆகும் எனக் கொள்வோம். அந்த ஒரு நொடியில் வண்டி 10 மீட்டர் சென்றுவிடும். உலர்ந்த சாலையில் நொடிக்கு நொடி 5 மீட்டர் வீதம் வேகம் குறைகிறது எனில், தடையை மிதித்தபின் நிற்க மேலும் 10 மீட்டர் தேவை. மொத்தம் 20 மீட்டர். வேகம் மணிக்கு 54 கிலோமீட்டரானால் மொத்தத் தொலைவு 37.5 மீட்டர், 72 கிலோமீட்டரானால் 60 மீட்டர். வேகம் இருமடங்கானால் நிற்கும் தொலைவு மும்மடங்காகிறது. மழை பெய்த சாலையிலோ மணல் சிதறிய வளைவிலோ இவ்வளவும் இன்னும் கூடும்.

இப்போது 20 மீட்டருக்கு முன்னால் ஒரு குழந்தை பந்தைத் துரத்திக்கொண்டு சாலைக்குள் ஓடி வருவதாகக் கொள்வோம். 36 கிலோமீட்டர் வேகத்தில் வந்தவர் குழந்தையின் முன் வண்டியை நிறுத்திவிடுவார். 54இல் வந்தவர் எத்தனை வேகத்தில் மோதுவார்? 36இலிருந்து கூடுதலாக இருப்பது 18தானே, எனவே அந்த 18 கிலோமீட்டர் வேகத்தில் மெல்ல இடிப்பார் என்றுதான் பலர் எண்ணுவர். கணக்கு வேறுவிதமாகச் சொல்கிறது. அவர் 15 மீட்டரை உணர்வதற்கே செலவிட்டுவிட்டார். தடை வேலை செய்ய எஞ்சியிருப்பது ஐந்து மீட்டர் மட்டுமே. மோதும்போது அவ்வண்டியின் வேகம் மணிக்கு ஏறத்தாழ 48 கிலோமீட்டர். 72இல் வந்தவரோ தடையை இன்னும் மிதிக்கத் தொடங்கவே இல்லை. கைப்பேசியைப் பார்த்துவிட்டு நிமிர்பவருக்கு அந்த ஒரு நொடி இரண்டு நொடியாகும். கணக்கை அவரவரே போட்டுப் பார்க்கலாம்.

மோதலின் கொடுமையை வீழ்ச்சியோடு ஒப்பிட்டும் உணரலாம். 36 கிலோமீட்டர் வேகத்தில் கற்சுவரில் மோதுவது ஐந்து மீட்டர் உயரத்திலிருந்து தரையில் விழுவதற்கு நிகர். 72 கிலோமீட்டர் வேகம் 20 மீட்டர் உயரத்திற்கு நிகர். அதாவது ஆறாவது மாடியிலிருந்து குதிப்பது. மாடியின் விளிம்பில் நின்றால் நம் உடல் தானாகவே பின்வாங்குகிறது. வேகத்தின் விளிம்பில் அந்த அச்சம் எழுவதில்லை. உயரத்தை அஞ்சப் பல்லாயிரம் தலைமுறைகளாகப் பழகிய மனிதன், வேகத்தோடு பழகத் தொடங்கி நூற்றைம்பது ஆண்டுகள்தாம் ஆகின்றன.

ஒரு மருத்துவரின் பதினோர் ஆண்டுகள்

1935ஆம் ஆண்டு மே 13 அன்று இங்கிலாந்தின் டார்செட் பகுதியில் ஒருவர் மோட்டார் சைக்கிளில் தம் இல்லத்தருகே சென்றுகொண்டிருந்தார். சாலையின் ஏற்ற இறக்கத்தில் மறைந்திருந்த இரு சிறுவர்களின் மிதிவண்டிகளைக் கண்டு விலகியபோது தூக்கியெறியப்பட்டார். ஆறு நாள் நினைவு திரும்பாமலே இறந்தார். அவர் ‘அரேபியாவின் லாரன்சு’ எனப் புகழ்பெற்ற டி.இ. லாரன்சு. அவருக்கு மருத்துவம் செய்தவர்களுள் ஹியூ கெய்ர்ன்சு என்னும் மூளை அறுவை மருத்துவரும் ஒருவர். அந்த இறப்பு கெய்ர்ன்சின் மனத்தைத் தைத்தது. மோட்டார் சைக்கிள் ஓட்டிகளின் தலைக்காயங்களைத் தொடர்ந்து ஆராய்ந்து, தலைக்கவசத்தின் இன்றியமையாமையை 1941இல் ஆய்வுரையாக வெளியிட்டார். பிரிட்டனின் படைத்துறை, செய்தி சுமந்து செல்லும் தன் மோட்டார் சைக்கிள் வீரர்களுக்குத் தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கியது. 1946இல் மேலும் ஓர் ஆய்வை வெளியிட்டு அதன் பயனையும் காட்டினார். பொதுமக்களுக்கு அது சட்டமாக 1973 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே கெய்ர்ன்சு மறைந்துவிட்டார்.

பல நாடுகளின் ஆய்வுகளை ஒருங்கே வைத்துப் பார்த்ததில், தலைக்கவசம் இறப்பை ஏறத்தாழ 42 விழுக்காடும் தலைக்காயத்தை 69 விழுக்காடும் குறைப்பது தெரியவந்தது. இந்தியாவில் 2022ஆம் ஆண்டில் நேர்ந்த 4,61,312 விபத்துகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர். இறந்தோரில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இருசக்கர வாகனங்களில் சென்றவர்கள். தலைக்கவசம் அணியாமல் இறந்தோர் 50,029 பேர். அவ்வாண்டில் விபத்துகளின் எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடத்தில் இருந்தது தமிழ்நாடு: 64,105.

தலைக்கவசம் வாங்காதவர்கள் நம்மிடையே குறைவு. அது பெட்ரோல் தொட்டியின்மேல் அமர்ந்து வருகிறது, முழங்கையில் தொங்குகிறது, காவலர் நிற்கும் சந்திப்புக்கு நூறு மீட்டர் முன்னால் தலைக்கு ஏறுகிறது. அணிந்தவரும் வாரைப் பூட்டுவதில்லை. வார் பூட்டாத தலைக்கவசம், விழும்போது தலைக்கு முன்பே தரையை அடைந்துவிடும். பின்னால் அமர்ந்திருப்பவருக்கும் தலை உண்டு என்பதைப் பல குடும்பங்கள் இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 129ஆம் பிரிவு நான்கு வயதுக்கு மேற்பட்ட அனைவருக்கும் அதைக் கட்டாயமாக்கியுள்ளது.

பதினாறு வயதும் சட்டமும்

பதினொன்றாம் வகுப்பு மாணவர் பலர் வீட்டு வண்டியை ஓட்டுகின்றனர் என்பதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. கடைக்குப் போய்வர, தங்கையைப் பள்ளியில் விட, வயலுக்குச் சோறு கொண்டுபோக என்று வீட்டாரே சாவியைக் கொடுத்தனுப்புகின்றனர். 16 வயது நிறைந்தவர், 50 கன சென்டிமீட்டருக்கு மேற்படாத, பற்சக்கர மாற்றம் இல்லாத வண்டியை ஓட்ட உரிமம் பெறச் சட்டம் இடமளிக்கிறது. ஆனால் இன்று வீடுகளில் உள்ள ஸ்கூட்டர்கள் நூறு கன சென்டிமீட்டருக்கும் மேற்பட்டவை. அவற்றை ஓட்ட 18 வயது நிறைந்திருக்க வேண்டும்.

2019ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் சேர்த்த 199அ பிரிவின்படி, சிறார் ஒருவர் வாகனம் ஓட்டிக் குற்றம் இழைத்தால் அவருடைய பாதுகாவலர் அல்லது வாகன உரிமையாளர் குற்றவாளியாகக் கருதப்படுவார். மூன்றாண்டு வரை சிறையும் 25,000 உரூபாய் தண்டமும் விதிக்கப்படலாம். வாகனப் பதிவு 12 மாதங்களுக்கு நீக்கப்படும். ஓட்டிய சிறாருக்கு 25 வயது நிறையும்வரை உரிமம் கிடையாது. கல்லூரிக் காலம் முழுமையும், முதல் வேலையின் காலமும் உரிமமின்றிக் கழியும். தந்தையின் சிறை இதனினும் பெரிது.

அதே திருத்தத்தில் அதிகம் பேசப்படாத 198அ பிரிவும் உள்ளது. சாலையின் வடிவமைப்பிலோ கட்டுமானத்திலோ பராமரிப்பிலோ வகுக்கப்பட்ட நெறிகளைப் பின்பற்றாததால் உயிரிழப்போ உடலூனமோ நேர்ந்தால், பொறுப்பான அமைப்போ ஒப்பந்ததாரரோ ஆலோசகரோ தண்டம் செலுத்த வேண்டும் என்கிறது அது. ஓட்டுநர்மேல் மட்டும் இருந்த சட்டத்தின் பார்வை சாலையின் மேலும் திரும்பியிருக்கிறது. பயன்படுத்துவோர் இருந்தால்தான் அது உயிருள்ள சட்டமாகும்.

விழுந்தவரைத் தூக்குதல்

விபத்தில் சிக்கியவரைச் சுற்றிக் கூட்டம் கூடும். கை கொடுக்கத் தயங்கும். காவல் நிலையம், நீதிமன்றம், சாட்சி என்று அலையவேண்டி வருமோ என்னும் அச்சம் அத்தயக்கத்தின் வேர். 2016ஆம் ஆண்டு மார்ச்சு 30 அன்று உச்ச நீதிமன்றம் உதவுவோரைக் காக்கும் வழிகாட்டு நெறிகளுக்குச் சட்டத்தின் வலுவை அளித்தது. பின்னர் மோட்டார் வாகனச் சட்டத்தின் 134அ பிரிவாகவும் அது இடம்பெற்றது. நல்லெண்ணத்தோடு உதவியவர்மேல் உரிமையியல் வழக்கோ குற்ற வழக்கோ தொடர முடியாது. பெயரையும் முகவரியையும் சொல்லும்படி அவரை வற்புறுத்தவும் முடியாது.

தமிழ்நாட்டில் 2021 டிசம்பர் 18 அன்று ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம் தொடங்கப்பட்டது. விபத்து நேர்ந்த முதல் 48 மணி நேர மருத்துவச் செலவை, திட்டத்தில் இணைந்த தனியார் மருத்துவமனைகளிலும், வரையறுத்த தொகை வரை அரசே ஏற்கிறது. எந்த மாநிலத்தவர், எந்த நாட்டவர் என்ற வேறுபாடு அதில் இல்லை. புறவழிச்சாலையில் அடிபட்டுக் கிடக்கும் வெளிமாநிலச் சரக்குந்து ஓட்டுநருக்கும் அது பொருந்தும்.

உதவ முனைவோர் சிலவற்றை அறிந்திருத்தல் நலம். 108ஐ அழைக்கும்போது இடத்தைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். நெடுஞ்சாலையின் கிலோமீட்டர்க் கல்லில் உள்ள எண்ணே சரியான முகவரி. கழுத்து, முதுகெலும்பு அடிபட்டிருக்கலாம் என்பதால், தீயோ வேறு இடரோ இல்லாதவரை அவரை இழுத்துத் தூக்கலாகாது. குருதி பீறிடும் இடத்தைத் தூய துணியால் அழுத்திப் பிடிக்க வேண்டும். தண்ணீர் புகட்டுவது நம் பழக்கம். நினைவிழந்தவருக்கு அது மூச்சுக்குழலை அடைத்துவிடும். இன்னொருவர் நூறு மீட்டர் பின்னால் சென்று வரும் வாகனங்களை எச்சரிப்பது, இரண்டாம் மோதலைத் தடுக்கும்.

இடத்தை எண்ணுதல்

தேசிய நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 500 மீட்டர் நீளமுள்ள பகுதியில், மூன்றாண்டுகளில் உயிரிழப்போ கொடுங்காயமோ விளைவித்த விபத்துகள் ஐந்து நேர்ந்திருந்தாலும், பத்துப் பேர் இறந்திருந்தாலும் அதனை விபத்துக் கரும்புள்ளி என அரசு வரையறுக்கிறது. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் பங்களிப்போடு உருவான ஒருங்கிணைந்த சாலை விபத்துத் தரவுத்தளத்தில், காவலர் விபத்து நடந்த இடத்திலிருந்தே கைப்பேசிச் செயலி வழியாக விவரங்களைப் பதிவு செய்கின்றனர். இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை, வெளிச்சம், சாலையின் தன்மை, வாகன வகை அனைத்தும் அதில் சேர்கின்றன. ‘அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்’ என்னும் ஒற்றைத் தொடருக்குள் அடங்காதவற்றுக்கு இப்போது ஓர் ஏடு கிடைத்திருக்கிறது.

எனினும் கரும்புள்ளி என்று அறிவிக்க ஐந்து கொடிய விபத்துகளோ பத்து உயிரிழப்புகளோ நேர வேண்டியிருக்கிறது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். மயிரிழையில் தப்பிய நிகழ்வுகள் எந்த ஏட்டிலும் ஏறுவதில்லை. அவற்றை அறிந்தவர்கள் சந்திப்பிலுள்ள தேநீர்க்கடைக்காரரும் பஞ்சர் ஒட்டுபவரும் பூ விற்பவரும்தாம். ‘இந்த இடத்துல வாரத்துக்கு ஒருத்தராவது விழுவாங்க’ என்று அவர்கள் சொல்லும்போது, அது ஓர் ஆய்வாளரின் கூற்றுக்கு நிகரான தகவல். அதைக் குறித்துவைக்கத்தான் ஆளில்லை.

கற்பவை கற்றபின்

1. உங்கள் பள்ளிக்கு அருகிலுள்ள ஒரு சந்திப்பைத் தேர்ந்தெடுங்கள். ஆசிரியர் துணையுடன், சாலையோரப் பாதுகாப்பான இடத்தில் நின்று, மாலை 5 மணி முதல் 6 மணி வரை எதிர்த்திசையில் வருவோர், தலைக்கவசம் அணியாதோர், மூவராகச் செல்வோர், சாலையைக் கடக்கும் பாதசாரிகள் ஆகியோரை எண்ணுங்கள். அச்சந்திப்பில் கடை வைத்திருப்போரிடம், வண்டிகள் மோதும் அல்லது மோதித் தப்பும் இடங்களைக் கேட்டு, வரைபடத்தில் குறியுங்கள்.

2. நீங்கள் கண்டறிந்த குறையொன்றைச் சுட்டி, நெடுஞ்சாலைத் துறையின் கோட்டப் பொறியாளருக்கு முறையீட்டுக் கடிதம் எழுதுக.

சிந்தித்து விடை தருக

1. ‘விதி’ என்னும் சொல்லின் இருபொருளையும் சாலை விபத்தோடு பொருத்தி விளக்குக.
2. மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி முழுமையாக நிற்க எத்தனை மீட்டர் தேவைப்படும்? பாடத்தில் உள்ள அளவுகளைக் கொண்டு கணக்கிடுக.
3. ஆறகழூர் மைல்கல்லில் எழுத்தோடு குழிகளும் பொறிக்கப்பட்டதன் நோக்கம் யாது? இக்காலச் சாலைக் குறியீடுகளோடு ஒப்பிடுக.
4. எதிர்த்திசையில் வண்டி ஓட்டுபவரின் குற்றத்தில் சாலை வடிவமைப்புக்கும் பங்குண்டு என்னும் கருத்தை நீங்கள் ஏற்கிறீர்களா? மறுப்பின் காரணம் கூறுக.